யானைகள் வாழ்ந்த தீவில் நான்கு நாள்

ஏஜியன் கடலின் சின்னஞ்சிறு டீலோஸ் தன் அமைதியைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது

கிரேக்கத் தீவு என்றதும் பலருக்கும் மனக்கண்ணில் வருவது சாண்டோரினிதான். எரிமலை விளிம்பில் அடுக்கி வைத்தாற்போன்ற வெள்ளை வீடுகள், நீலக் கூரை வேய்ந்த தேவாலயங்கள், சூரியன் மறைவதைப் பார்க்கத் தோளோடு தோள் உரசி நிற்கும் ஜனத்திரள். கூட்டம் அளவு மீறிப் போனதால், சாண்டோரினியிலும் மிக்கோனோஸிலும் கோடை உச்சத்தில் உல்லாசக் கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொருவரிடமும் 20 யூரோ வசூலிக்க 2025 ஜூலையில் கிரேக்க அரசு தொடங்கியது. அமைதியைத் தேடி அங்கே போகிறவர்கள் அலுத்துத் திரும்புவதில் வியப்பில்லை.

அந்தக் கூட்டம் எட்டிப் பார்க்காத தீவுகளும் கிரேக்கத்தில் ஏராளம். அவற்றில் ஒன்று டீலோஸ். ஏஜியன் கடலின் தென்கிழக்கு மூலையில், துருக்கிக் கரைக்கு அருகே, ரோட்ஸ் தீவுக்கும் கோஸ் தீவுக்கும் இடையில் இருக்கிறது. பரப்பு சுமார் 60 சதுர கி.மீ. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 780. விமான நிலையம் கிடையாது. பெரிய ஓட்டல்களும் இல்லை. ஊர் என்று சொல்லத்தக்கவை இரண்டே இரண்டு: துறைமுகமான லிவாடியா, மலைச்சரிவில் அமர்ந்திருக்கும் தலைநகரம் மெகாலோ ஹோரியோ.

போய்ச் சேருவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் புறப்பட்டால் ஏறக்குறைய ஓர் இரவும் மறுநாளின் ஒரு பகுதியும் கடலில் கழியும். அவசரக்காரர்கள் ஏதென்ஸிலிருந்து ஒரு மணி நேரம் பறந்து ரோட்ஸில் இறங்கி, அங்கிருந்து விரைவுப் படகில் சுமார் இரண்டு மணி நேரத்தில் டீலோஸை எட்டிவிடலாம். ஆனால் படகு தினமும் கிடையாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ‘மெல்டெமி’ என்ற வடக்குக் காற்று நாள்கணக்கில் அடிக்கும். காற்று முற்றினால் படகுகள் ரத்தாகும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ரோட்ஸில் கழிக்கத் திட்டமிடுவதே புத்திசாலித்தனம். இந்தியப் பயணிகள் ஷெங்கன் விசாவுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே விண்ணப்பித்துவிட வேண்டும்.

படகை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது அரைவட்டமாக வளைந்த லிவாடியா விரிகுடா. மணலுக்குப் பதில் கூழாங்கற்கள். அதனால் நீர் கலங்குவதில்லை, இடுப்பளவு ஆழத்தில் நின்றாலும் பாதம் தெரிகிறது. கரையோரம் நடைபாதை, அதையொட்டிச் சவுக்கு போன்ற மரங்களின் நிழலில் மேஜை நாற்காலி போட்ட உணவகங்கள். பிற்பகலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறது. அந்த நேரத்தில் உரக்கப் பேசுவதும் மோட்டார் சைக்கிளை உறுமவிடுவதும் கிரேக்கத்தில் பண்பற்ற செயல். ஐந்து மணிக்கு மேல் கதவுகள் திறக்கும். அடியில் வண்டல் தங்கிய கிரேக்கக் காப்பி சின்னஞ்சிறு கோப்பைகளில் வரும். அதைக் குடித்து முடிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இந்த அமைதியின் ஒரு பாதி சோகத்தில் விளைந்தது. லிவாடியாவுக்கு மேலே மலை மடிப்பில் ஒளிந்திருக்கிறது மிக்ரோ ஹோரியோ, அதாவது ‘சிற்றூர்’. கடற்கொள்ளையர் பயம் இருந்த நூற்றாண்டுகளில், கடலிலிருந்து எளிதில் கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கட்டிய கிராமம். டீலோஸ் உட்பட்ட டோடெகனீஸ் தீவுகளை 1912-ல் இத்தாலி துருக்கியரிடமிருந்து கைப்பற்றியது. இரண்டாம் உலகப் போரின் பின்பகுதியில் ஜெர்மானியர் வந்தார்கள். 1948-ல்தான் இவை முறைப்படி கிரேக்கத்துடன் இணைந்தன. கொள்ளையர் பயம் போய்விட்ட நிலையில் மலை மேல் ஒளிந்து வாழ வேண்டிய அவசியம் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கை எளிது. பிழைப்பு தேடிப் பலர் தீவை விட்டே போனார்கள். மற்றவர்கள் லிவாடியாவுக்கு இறங்கி வந்தார்கள். வரும்போது கூரை உத்தரங்களையும் பெயர்த்து எடுத்து வந்தார்கள். மரம் அரிதான தீவில் உத்தரம் என்பது சொத்து.

1960-களின் கடைசியில் மிக்ரோ ஹோரியோ முழுவதும் காலியாகிவிட்டது. இன்று அங்கே கூரையற்ற கல் சுவர்கள், சுவருக்குள் முளைத்த அத்தி மரங்கள், கழுத்து மணி ஒலிக்க அலையும் ஆடுகள். தேவாலயம் மட்டும் வெள்ளையடித்துப் பராமரிக்கப்பட்டு நிற்கிறது. லிவாடியாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நடந்து போய்விடலாம். அங்கே நிற்பவர்களுக்கு, அமைதி என்பது ஒரு கட்டத்துக்கு மேல் வெறுமையாகிவிடும் என்பது புரியும். டீலோஸ் முழுவதுமே இப்படி ஆகியிருக்கலாம். ஏஜியனில் அப்படி ஆளற்றுப் போன குட்டித் தீவுகள் உண்டு.

மறு பாதி, தீவு மக்கள் தாங்களாக எடுத்த முடிவுகளில் விளைந்தது. முதல் முடிவு 1993-ல் வந்த வேட்டைத் தடை. அதற்கு முன்பு கௌதாரிகளைச் சுட, துப்பாக்கியோடு வெளியூர்க்காரர்கள் படகேறி வருவார்கள். அவர்கள் செலவழிக்கும் பணம் சிறு தீவுக்குச் சிறிய விஷயமல்ல. இருந்தும் தீவு துணிந்தது. இந்த முயற்சியின் முன்னணியில் நின்றவர் டாசோஸ் அலிஃபெரிஸ். மருத்துவர்; நெடுங்காலம் தீவின் மேயர். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் பறவைகள் பயமின்றிப் பெருகின. பாறை முகடுகளில் போனெல்லி ராஜாளிகள் கூடு கட்டுகின்றன. எலியோனோரா வல்லூறுகள் கோடையில் இங்கே குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு மடகாஸ்கர் வரை பறந்து போகின்றன. பறவைகளைப் பார்க்க, கையில் பைனாகுலருடன் வேறு வகைப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். வேட்டைக்காரர்கள் இலையுதிர் காலத்தில் சில நாட்கள் வந்து போனார்கள். பறவை ஆர்வலர்கள் வசந்தத்திலேயே வந்துவிடுகிறார்கள்.

அலிஃபெரிஸின் பெயர் கிரேக்கம் முழுவதும் அடிபட்டது 2008-ல். அந்த ஆண்டு ஜூன் மாதம் ஓரினச் சேர்க்கையாளர்களான இரண்டு ஜோடிகளுக்கு அவர் திருமணம் நடத்திவைத்தார். சிவில் திருமணச் சட்டம் ஆண், பெண் என்று குறிப்பிடவில்லை என்பது வாதம். தேவாலயம் கொதித்தது, அடுத்த ஆண்டு நீதிமன்றம் அத்திருமணங்கள் செல்லாது என்றது. 2012-ல் அலிஃபெரிஸ் காலமானார். அவர் முன்கூட்டியே செய்ததை 2024 பிப்ரவரியில் கிரேக்க நாடாளுமன்றம் சட்டமாகவே நிறைவேற்றியது.

அடுத்தது மின்சாரம். கோஸ் தீவின் டீசல் மின் நிலையத்திலிருந்து கடலடி கேபிள் வழியாக வந்த மின்சாரத்தை நம்பித்தான் டீலோஸ் இருந்தது. கேபிள் பழுதானால் தீவு இருளில் மூழ்கும். 2015-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் ஒரு திட்டம் தொடங்கியது. 800 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்று, 160 கிலோவாட் சூரிய மின் தகடுகள், உபரி மின்சாரத்தைச் சேமித்து வைக்கப் பெரிய பேட்டரித் தொகுதி. படகுகளை ரத்து செய்து பயணிகளின் சாபத்தைச் சம்பாதிக்கும் அதே காற்றுதான் இங்கே விளக்கெரிக்கிறது. 2017-ல் இத்திட்டத்துக்கு ஐரோப்பிய விருதும் கிடைத்தது.

மூன்றாவது, குப்பை. 2021 டிசம்பரில் ஒரு கிரேக்க நிறுவனத்துடன் சேர்ந்து தீவு நிர்வாகம் தெருக் குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டது. வீடுகளும் விடுதிகளும் கழிவுகளை மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும்: மட்குபவை, மறுசுழற்சிக்கானவை, இரண்டிலும் சேராதவை. வாசலுக்கு வந்து வாங்கிச் செல்கிறார்கள். தீவின் குப்பை மேடு மூடப்பட்டது. விருந்தாளிக்கும் விலக்கு கிடையாது. காலி பாட்டிலை எந்தப் பையில் போடுவது என்று விடுதிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

இந்தியர்களுக்கு டீலோஸில் தனி ஈர்ப்பு ஒன்று காத்திருக்கிறது. லிவாடியாவிலிருந்து மெகாலோ ஹோரியோ செல்லும் வழியில் ஹர்காதியோ என்ற குகை உண்டு. 1971-ல் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தின் தொல்லுயிரியல் அறிஞர் நிகோலாஸ் சிமியோனிதிஸ் இங்கே தோண்டியபோது வெளிவந்தவை யானை எலும்புகள். சாதாரண யானைகள் அல்ல. வளர்ந்த யானையே ஆள் உயரத்தைத் தாண்டாத குள்ள யானைகள். கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில், குறுகிய கடலை நீந்திக் கடந்து வந்த பெரிய யானைகளின் வழித்தோன்றல்கள் இவை. தீவில் தீனி குறைவு, வேட்டையாடும் மிருகங்களும் இல்லை. பெரிய உடம்பு சுமையாகிப்போக, தலைமுறை தலைமுறையாக உருவம் சுருங்கியது. இவை சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அப்படியானால் சிந்துவெளி நகரங்கள் இருந்த காலத்தில் ஐரோப்பாவின் கடைசி யானைகள் இந்தத் தீவில் மேய்ந்துகொண்டிருந்தன. தீவின் அளவுக்கேற்பத் தன்னைக் குறுக்கிக்கொண்டதுதான் அவை அவ்வளவு காலம் தாக்குப்பிடித்த ரகசியம்.

யானை போய்விட்டது, மயில் இருக்கிறது. வடமேற்குக் கரையில் யூகலிப்டஸ் மரங்கள் சூழ்ந்த பிளாகா கடற்கரையில், எப்போதோ கொண்டுவரப்பட்ட மயில்களின் வம்சம் பெருகிக் கிடக்கிறது. கிரேக்கக் கடலோரத்தில் அகவும் குரல் கேட்டுத் திடுக்கிடும் இந்தியருக்கு அடுத்த கணம் சிரிப்பு வரலாம். அதே சாலை மேலும் வளைந்து ஏறி, செங்குத்துப் பாறை மேல் இருக்கும் பாந்தெலிமோன் மடாலயத்தில் முடிகிறது. 15-ம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது. முற்றத்தில் ஊற்று நீர், பெரு மரங்களின் நிழல், கீழே நேர் இறக்கத்தில் கடல். ஜூலை 27-ல் இங்கே திருவிழா. வெளிநாடுகளுக்குப் போய்விட்ட தீவுக்காரர்கள் ஊர் திரும்பும் நாட்கள் அவை. இரவு முழுக்க இசையும் நடனமும் உண்டு.

மெகாலோ ஹோரியோவின் உச்சியில் செயின்ட் ஜான் வீரர்களின் கோட்டை இடிபாடுகள் இருக்கின்றன. பண்டைய கிரேக்கர்களின் கோட்டை இருந்த இடமும் அதுவே. கி.மு. 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த பெண் கவிஞர் எரின்னா இந்தத் தீவில் பிறந்தவர் என்பது பரவலான கருத்து. 19 வயதிலேயே இறந்துவிட்டார் என்கிறது மரபு. மணமான சில நாட்களில் மாண்ட தோழி பௌகிஸுக்காக அவர் பாடிய இரங்கற்பாவின் சிதைந்த பகுதிகள், 20-ம் நூற்றாண்டில் எகிப்தில் ஒரு பாப்பிரஸ் தாளில் கிடைத்தன. இருவரும் பொம்மை வைத்து விளையாடிய பிள்ளைப் பருவம் அதில் வருகிறது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஆட்டிறைச்சிதான் தீவின் பெருமை. சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை: பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ‘ஃபாவா’, வேகவைத்த காட்டுக் கீரையில் எலுமிச்சை பிழிந்த ‘ஹோர்த்தா’, அடுப்பில் நெடுநேரம் வெந்த கொண்டைக்கடலை, திராட்சை இலையில் சுருட்டிய சோறு, தேன் ஊற்றிய கெட்டித் தயிர். மே, ஜூன், செப்டம்பர் மாதங்களே உகந்தவை. மே மாதத்தில் மலைச்சரிவெங்கும் காட்டுப்பூக்களும் தைம் செடியின் மணமும்; செப்டம்பரில் கடல் நீர் இதமாக இருக்கும். நான்கு நாள் போதும்: ஒரு நாள் மலைப்பாதை நடை, ஒரு நாள் மெகாலோ ஹோரியோவும் மடாலயமும், ஒரு நாள் எரிஸ்டோஸின் நீண்ட மணற்கரை. நான்காவது நாள் எதுவும் செய்யாமல் இருக்க.

நவம்பரில் லிவாடியாவின் விடுதிகள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கும். கப்பல்கள் குறையும். எஞ்சியிருக்கும் சில நூறு பேருக்கு அதன் பின்னும் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும், மருத்துவர் இருக்க வேண்டும், மளிகைக் கடைக்குச் சரக்கு வர வேண்டும். கோடையில் வந்து போகிறவர்களின் பணம் இல்லாமல் இதெல்லாம் நடப்பது கடினம். பயணிகள் அறவே வராவிட்டால் லிவாடியாவும் மிக்ரோ ஹோரியோ ஆகும்; வெள்ளமாக வந்தால் இன்னொரு சாண்டோரினி ஆகும். இரண்டுக்கும் இடையில் ஓர் அளவைக் கண்டுபிடித்து அதில் நிற்க முப்பது ஆண்டுகளாக முயல்கிறது டீலோஸ். மே மாதத்தில் வந்து நான்கு நாள் தங்கி, உள்ளூர் உணவகத்தில் சாப்பிட்டு, குப்பையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர் அந்த முயற்சிக்குத் தன் பங்கைச் செலுத்திவிடுகிறார்.