பாரா நிற்கும் வராந்தா

சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட்டு என்றாலே குவிமாடம், வண்ணக் கண்ணாடி, செக்கச் சிவந்த செங்கல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிராசிங்டன் திட்டம் போட்டு, ஹென்றி இர்வின் எடுத்து முடித்து, நம்பெருமாள் செட்டி காண்டிராக்ட் எடுத்துக் கட்டி, 1892 ஜூலையில் திறந்த கட்டடம் அது. மாகாணத்துக்கே ஒன்று. கடலூர், சிதம்பரம் பக்கம் நான் சுண்ணாம்பு வேலை செய்கிற பழைய தாலுகா கச்சேரிகளில், அதாவது தாசில்தார் ஆபீசுகளில், அந்த ஆடம்பரத்தைத் தேடக் கூடாது.

1859இல் மெட்ராஸ் மாகாணத்துக்குப் புதிய போலீஸ் சட்டம் வந்தது. 1862இல் உயர் நீதிமன்றம் அமைந்தது. சட்டம் வந்தால் அது உட்கார இடம் வேண்டும். தாசில்தாரே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்த காலம். ஒரே வளாகத்துக்குள் அவர் விசாரிக்கும் கூடம், கஜானா, அதற்குப் போலீஸ் காவல், கிளைச் சிறை. பிடிப்பது, விசாரிப்பது, அடைப்பது எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள் முடிந்துவிடும். வரி வாங்குகிறவரே தண்டனையும் கொடுப்பது நியாயமா என்று காங்கிரஸ் ஆரம்ப நாட்களிலேயே கேட்டது. கட்டடம் பார்க்கிற என் கண்ணுக்கு, அந்தக் கேள்வி வரைபடத்திலேயே தெரிகிறது.

இந்தக் கட்டடங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது வராந்தாதான். உள்ளே கூடம் கொஞ்சம் பேருக்கு. வராந்தாவோ ஊருக்கே. பாரா போலீஸ் நிற்பது, டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடுவது, வக்கீல் குமாஸ்தா கட்டு பிரிப்பது, சாட்சி சொல்ல வந்தவர் காலை நீட்டி உட்கார்ந்து வாய்தா வாங்கிப் போவது, எல்லாம் அங்கேதான். கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் சிறு துவாரம் ஒன்று சில இடங்களில் அகப்படும். உள்ளே விட்டத்தில் தொங்கிய பங்கா என்னும் துணி விசிறியின் கயிறு அதன் வழியே வெளியே வரும். இழுக்கிறவர் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். துவாரத்தின் கீழ் விளிம்பு கயிறு உரசித் தேய்ந்திருக்கும். பூச்சு வேலைக்கு வரும் புதுக் கொத்தனார் எலிவளை என்று அதை அடைக்கப் போவார். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும்.

வராந்தாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒன்றரை இரண்டு அடி கனமுள்ள பிரதானச் சுவரில் வெயிலும் ஐப்பசி மழையும் நேராக அடிக்காமல் தடுப்பது. ஃபைல் பெருகியதும் எல்லா ஆபீசிலும் நடப்பது என்ன? தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி, வராந்தாவை ரிக்கார்டு ரூமாக்கிவிடுகிறார்கள். காற்று நின்றுபோகிறது. காத்திருந்த சனம் வேப்பமரத்தடிக்குப் போகிறது. வருஷம் பத்து கடந்தால் உள்சுவர் அடியிலிருந்து உப்புப் பூத்துப் பொரிகிறது.

லாக்கப் அறைச் சுவர் எனக்குத் தனிக் கவலை. அந்தப் பக்கத்தில் வராந்தா வைக்க மாட்டார்கள். வெளியாள் நெருங்கக் கூடாது. ஜன்னலும் எட்டாத உயரத்தில் ஒரு கம்பி போட்ட பொந்துதான். அதனால் மழை வாங்குவதும் அந்தச் சுவர், உலராமல் கிடப்பதும் அந்தச் சுவர். கைதிக்குச் செய்ததைக் கட்டடமும் சேர்ந்து அனுபவிக்கிறது.

அந்த ஈரத்தை மறைக்கத்தான் சிமெண்ட் பூசுகிறார்கள். கடலூரில் நிலத்தடி நீரிலும் காற்றிலும் உப்பு. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால், வியர்க்கிற உடம்பில் பாலித்தீன் சுற்றின மாதிரி. ஈரம் மேலே ஏறிப் போய் வேறோர் இடத்தில் உடைத்துக்கொண்டு வரும். சிமெண்டைச் செதுக்கி எடுத்து, சுவரைக் கோடை முழுக்க உலரவிட்டு, அப்புறம்தான் சுண்ணாம்பு. கோடை முழுக்க என்றதும் ஆபீசர்கள் நிதியாண்டு முடிகிற மார்ச் முப்பத்தொன்றை நினைத்துக்கொள்வார்கள்.

மேலே போனால் மெட்ராஸ் டெரஸ் என்கிற கூரைத் தளம். தேக்கு உத்தரம், அதன் மேல் குறுக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் அச்சுக்கல் என்னும் சின்னச் செங்கல்லை மூலையிலிருந்து மூலைக்குக் கோணவாக்கில், விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு வரிசை முந்தின வரிசையைப் பிடித்துக்கொள்வதால் கீழே சாரம் அடைத்துத் தாங்க வேண்டியதில்லை. நான் செய்கிற வேலைகளில் இத்தனை அழகானது வேறில்லை. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு பதிக்க வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. ஓடும் ஷீட்டும் பறந்தன. இந்தக் கனமான தளம் காற்றுக்கு அசைகிற வகை இல்லை. இதைக் கெடுப்பது வேறு: தண்ணீர் போகும் தூம்பில் அடைத்த வேப்பிலைச் சருகு, விரிசலில் முளைத்த அரசங்கன்று, ஒழுகுகிறதென்று மேலே மேலே ஊற்றிய சிமெண்ட் பாரம். சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனை இற்றுப்போனது கீழிருந்து பார்த்தால் தெரியாது. தட்டிப் பார்த்துச் சத்தத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தத் தளம் அடிக்கத் தெரிந்த பெண்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கட்டை துள்ளித் திரும்புகிற வரை அடிக்க வேண்டும் என்பது கைக்குத் தெரிய வேண்டிய விஷயம். மதிப்பீட்டில் எழுத முடியாது. சென்ட்ரிங் வேலையில் அதிகக் கூலி கிடைக்கும்போது சின்ன வயசுக்காரர்கள் இதற்கு ஏன் உட்கார வேண்டும்? வரிசையில் பழகினவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று மாற்றி மாற்றி உட்கார வைக்கிறேன். இருவருக்கும் ஒரே கூலி. பழகினவர்கள் அதற்காக என்னோடு சண்டை போடுகிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.