பேப்பருக்குத் தெரிந்தது

இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கான கோச்சிங்கில் சேர்ந்தேன். ரீடிங் தாளில் 3 நீண்ட பாசேஜ், 40 கேள்வி, 60 நிமிடம். விடையைத் தாளில் மாற்றி எழுதத் தனி நேரமும் கிடையாது. எங்கள் சாரோ முதல் வாரம் ஆங்கிலத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. தமிழில் சில வரிகளைப் போர்டில் எழுதினார்.

பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது, 1964 டிசம்பர் புயலில் சேதமடைந்தது, இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு கடலில் விழுந்த கர்டர்களையும் மீட்டுப் பொருத்தி 46 நாளில் சீரமைத்தது. அவ்வளவுதான். கீழே ஒரு வாக்கியம்: 'இந்தியாவில் கடல்மேல் கட்டிய முதல் பாலம் இது.' போர்டில் உள்ள வரிகளின்படி இது ட்ரூவா, ஃபால்ஸா, இல்லை அதில் சொல்லப்படாத 'நாட் கிவன்' ஆ என்று சொல்ல வேண்டும். வகுப்பே ஒரே குரலில் "ட்ரூ" என்றது.

"எந்த வரியில இருக்கு?"

"ஊருக்கே தெரியுமே சார்."

"ஊருக்குத் தெரியும்மா. இந்தப் பேப்பருக்குத் தெரியாது. நாட் கிவன்."

நர்ஸிங் படித்த எங்களுக்கு மருத்துவப் பாசேஜ் வந்தால்தான் ஆபத்து அதிகம் என்பார் அவர். தெரிந்த விஷயம் என்றதும் கண் வரியை விட்டுவிட்டு மூளை பதில் சொல்லிவிடும். ஃபால்ஸ் என்று எழுத, கேள்வியோடு மோதுகிற ஒரு வரி பாசேஜில் இருக்க வேண்டும். 'சீரமைக்க 3 மாதம் ஆனது' என்றால் அந்த 46 நாள் வந்து மோதும். விரல் வைக்க அப்படியொரு இடம் இல்லையென்றால் அது ஃபால்ஸ் ஆகாது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய பாடம். பதில் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களையே கேள்வி தயாரிக்கச் சொன்னார். அதுவும் தப்பான விடைகளை. சரியான விடையை யாரும் எழுதிவிடலாம். ஆளை ஏமாற்றுகிற தப்பான விடை எழுதுவது லேசில்லை. பாசேஜின் சொற்களையே எடுத்து உறவை மாற்றிவிடலாம்: 'ஸ்ரீதரன் குழு 1914-ல் பாலத்தைத் திறந்தது.' 'சில' என்பதை 'எல்லாம்' ஆக்கலாம். எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனமானது, பாசேஜில் உண்மையாகவே இருப்பதை வேறொரு கேள்விக்கு விடையாக வைப்பது. 'ஸ்ரீதரன் குழு என்ன செய்தது?' என்ற கேள்விக்குக் கீழே 'பாலம் புயலில் சேதமடைந்தது' என்று வைத்தால், அவசரத்தில் படிப்பவர் "ஆமாம், படித்தோமே" என்று டிக் அடித்துவிடுவார். நாலு பொறி வைத்துப் பழகியவளுக்கு அடுத்தவர் வைத்த பொறி கண்ணில் படத் தொடங்கியது.

ஆங்கிலப் பாசேஜுக்கு வந்தபோது கேள்வியை முதலில் படித்தோம். பெயர், ஆண்டு மாதிரி அதிகம் உருமாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் தேடிக் கண்ணை ஓட்டுவது. கிடைத்ததும் அந்த வரியோடு முன்வரி பின்வரியையும் நிதானமாகப் படிப்பது. கேள்வியில் உள்ள சொல் அப்படியே பாசேஜில் கிடைத்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படச் சொன்னார் சார். எண்ணும்கூட வேஷம் போடும்: 46 நாள் கேள்வியில் 'இரண்டு மாதத்துக்குள்' என்று வரும்.

ட்ரூ-ஃபால்ஸ் வகையில் விடைகள் பாசேஜின் வரிசைப்படியே வரும். 3-க்கும் 5-க்கும் இடம் தெரிந்தால் 4 நடுவில்தான் இருக்கும். எந்தத் தகவல் எந்தப் பத்தியில் என்று பொருத்தும் வகைக்கு இந்த வரிசை கிடையாது, அது நேரத்தைத் தின்னும். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். 'இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்' என்றிருக்கும் இடத்தில் மூன்று எழுதினால் விஷயம் சரியாக இருந்தாலும் மார்க் இல்லை, எழுத்துப்பிழைக்கும் இல்லை. தப்பு விடைக்கு மார்க் கழிப்பதும் இல்லை என்பதால், மணி அடிக்கும் முன் காலிக் கட்டத்தில் எதையாவது எழுதிவிடுவேன். சாருக்கு மட்டும் அது பிடிக்காது. "வரி எங்கேம்மா?" என்பார்.