விண்டோலாண்டாவில் இரண்டு தெனாரியஸ் மிளகு

வட இங்கிலாந்தின் ஹெக்சாம் ஊரிலிருந்து கோட்டைக்குப் போகும் பேருந்தின் எண் ஏடி122. ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் மதில் எழத் தொடங்கிய ஆண்டையே வண்டிக்கு எண்ணாக வைத்துவிட்டார்கள். நான் இறங்கிய விண்டோலாண்டாவோ அந்த மதிலுக்கும் மூத்தது. கி.பி. 85 வாக்கிலேயே இங்கே மரக்கோட்டை இருந்தது. பழையதை இடித்து, அதன்மேல் மண்ணைப் பரப்பி, அடுத்ததைக் கட்டினார்கள். பின்னால் வந்தவைதான் கற்கோட்டைகள். என் காலடியில் இருந்தது அடுக்கடுக்கான கோட்டைகளின் குவியல்.

காவலுக்கு இருந்தவர்கள் ரோமாபுரிக்காரர்கள் அல்லர். இன்றைய பெல்ஜியத்துத் துங்ரியர்களும் நெதர்லாந்துப் படேவியர்களும்தான். 25 ஆண்டு சேவகம் செய்தால் குடியுரிமை கிடைக்கும். கோடையிலும் காதை அறுக்கும் காற்றில் நின்றபடி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மனிதனின் இளமை முழுக்க அதில் போய்விடுகிறது.

அவர்களை நமக்கு அறிமுகப்படுத்தியது குப்பை. காற்றுப் புகாத ஈரமண் தோலையும் மரத்தையும் மட்காமல் காத்தது. அருங்காட்சியகத்தில் வரிசையாகச் செருப்புகள். அடியில் ஆணி அறைந்த சிப்பாய்ச் செருப்புகளுக்கு நடுவே குழந்தைகளின் சின்னஞ்சிறு காலணிகளும் உண்டு. குடும்பங்களும் இங்கே வாழ்ந்திருக்கின்றன.

1973இல் அகழாய்வாளர் ராபின் பர்லி, ஒட்டிக்கிடந்த மரச்சீவல்களைப் பிரித்தபோது உள்ளே மை எழுத்து தெரிந்தது. காற்றுப் பட்டதும் அது மங்கிவிட, அகச்சிவப்புப் புகைப்படம் எடுத்துத்தான் படிக்க முடிந்தது. அஞ்சலட்டை அளவே உள்ள இத்தகைய ஏடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஒன்றில் காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய செய்தி. இன்னொன்றில் மாஸ்க்லஸ் என்ற அதிகாரி, தன் ஆட்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பிவையுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதுகிறார். கி.பி. 100 வாக்கில் வேறொரு கோட்டைத் தளபதியின் மனைவி கிளாடியா செவேரா, இந்தக் கோட்டைத் தளபதியின் மனைவி லெப்பிடினாவை செப்டம்பர் 11ஆம் தேதி தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தர் எழுத, கடைசி வரிகளைத் தன் கையாலேயே கிறுக்கலாகச் சேர்த்திருக்கிறாள். ஒரு பெண் தன் கைப்பட எழுதிய மிகப் பழைய லத்தீன் எழுத்துகளில் அது ஒன்று.

ஒரு மே 18ஆம் தேதி எடுத்த படைக் கணக்கு என்னை மிகவும் கவர்ந்தது. துங்ரியர் படையில் மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் வெளி வேலைக்குப் போயிருக்கிறார்கள். மீதி 296 பேரில் 15 பேருக்கு நோய், 6 பேருக்குக் காயம், 10 பேருக்குக் கண் அழற்சி. பேரரசின் எல்லையைத் தாங்கிய கோட்டையில் அன்று சண்டைக்குத் தயாராக இருந்தவர்கள் வெறும் 265 பேர்!

இன்னொரு ஏடு, சிப்பாய்களின் பற்றுக்கணக்கு. துண்டு, கொழுப்பு என்று போகும் பட்டியலில் டப்போவின் மகன் கம்பாக்ஸ் பெயருக்கு நேரே மிளகு, 2 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளி நாணயம்). மிளகு விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில். யவனர் கலங்கள் முசிறித் துறைமுகத்துக்கு வந்து மிளகு ஏற்றிப் போனதை அகநானூறு சொல்கிறது. அங்கிருந்து செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் வழியாக இந்த மழை மூலைவரை அது வந்திருக்கிறது. வாங்கியவர் தளபதி என்றால் வியப்பில்லை. கம்பாக்ஸ் சாதாரணச் சிப்பாய். முசிறியில் மிளகு மூட்டைகளைக் கப்பலில் ஏற்றிய கூலியாளும் அவனும் ஒரே வியாபாரத்தின் இரு முனைகள். நடுவில் எத்தனை பேர் லாபம் பார்த்தார்களோ, கடைசி விலையைக் கொடுத்தவன் அவன்தான்.