ஸ்கேன் எடுப்பது அவிசுவாசமா?

இந்தச் சாட்சியில் என் குற்றம் ஒன்றையும் அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

என் கணவரின் ரயில்வே வேலையினிமித்தம் திருநெல்வேலியை விட்டு வந்து தார்நாகாவில் குடியேறினோம். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு மாடியில் தமிழ் ஜெபக்கூட்டம் நடைபெறும். 2008ஆம் ஆண்டில், ஊரிலிருந்து புதிதாய் வந்திருந்த ஒரு தங்கை தன் ஐந்தாம் மாதத்தில் என்னிடம், "அக்கா, டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கவா?" என்று கேட்டாள். "கருவில் பிள்ளையை உருவாக்குகிறவர் கர்த்தர். அவர் செய்வதை மெஷின் வைத்துப் பார்ப்பானேன்? ஜெபம் பண்ணம்மா, போதும்" என்றேன். அவள் எனக்குக் கீழ்ப்படிந்தாள்.

நிறைமாதத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் ஆண் குழந்தை பிறந்தது. சில நிமிடங்களில் உடல் நீலம் பாரித்தது. வயிறு ஒட்டியும் நெஞ்சு புடைத்தும் இருந்தன. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். எக்ஸ்ரேயில் குடல் நெஞ்சுக்குள் தெரிந்தது. இரண்டாம் நாள் குழந்தை கர்த்தரிடம் சேர்ந்தது. அடக்க ஆராதனையில் அந்தத் தங்கை என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அந்த மௌனமே என்னை அதிகமாய்க் குத்திற்று.

அங்கிருந்த மருத்துவர் பொறுமையாய் விளக்கினார். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தடுப்பு உதரவிதானம். கருவின் முதல் மூன்று மாதங்களுக்குள் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் துவாரம் நின்றுவிட்டால் குடலும் இரைப்பையும், சிலருக்கு ஈரலும், மேலேறி நுரையீரலை வளரவிடாமல் நெருக்கும். நுரையீரலின் இரத்தக் குழாய்களிலும் அழுத்தம் மிகும். ஏறக்குறைய 2500 முதல் 3000 பிறப்புகளில் ஒன்றுக்கு இப்படி நேரிடுகிறது. பத்தில் எட்டுக்கு மேல் இடப்பக்கத்துத் துவாரமே. "ஸ்கேன் எடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா?" என்று கேட்டேன். "உறுதி சொல்ல முடியாது அம்மா. ஆனால் ஆயத்தமாய் இருந்திருக்கலாம்" என்றார்.

2022ஆம் ஆண்டில் எங்கள் சபையின் மற்றொரு தாய்க்கு இருபதாம் வார ஸ்கேனில் இதே குறை தெரிந்தது. இம்முறை நானே கூடச் சென்றேன். ஈரல் மேலேறியிருக்கிறதா, நுரையீரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து பார்த்து, நிலை மிதமானது என்றார்கள். மிகக் கடுமையானவற்றுக்குக் கருவிலேயே மூச்சுக்குழலில் சிறு பலூன் வைக்கும் சிகிச்சை உண்டு. 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் அப்படிச் செய்த குழந்தைகளில் நூற்றுக்கு 40 பேரும், செய்யாதவர்களில் 15 பேரும் பிழைத்தார்கள். குறைமாதப் பிரசவ ஆபத்து அதில் அதிகம். எங்கள் பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை.

பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சையும் அறுவைச் சிகிச்சையும் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனையில் பிரசவம் நடந்தது. பிறந்தவுடனே மூச்சுக்குழலில் குழாய் வைத்தார்கள். முகமூடியால் காற்றடித்தால் அது குடலுக்குள்ளும் போய் நெஞ்சை இன்னும் நெருக்குமாம். வயிற்றுக் காற்றை வெளியேற்ற மற்றொரு குழாய் வைத்தார்கள். முற்காலத்தில் உடனே அறுவைச் சிகிச்சை செய்வார்கள். இப்போதோ சுவாசமும் இரத்த அழுத்தமும் நிலைப்படும்வரை காத்திருக்கிறார்கள். நான்கு நாள் வென்டிலேட்டரில் காத்திருந்தோம். சபை உபவாசித்து ஜெபித்தது. ஐந்தாம் நாள் குடலை இறக்கித் துவாரத்தைத் தைத்தார்கள். ஒரு மாதத்திற்குப் பின் பிள்ளை வீடு வந்தது. பால் எதுக்களித்ததாலும் எடை ஏறாததாலும் நெடுநாள் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருந்தது. இன்று ஞாயிறு பள்ளியில் ஓடி விளையாடுகிறான்.

பிரியமானவர்களே, எல்லாக் குறைகளும் ஸ்கேனில் தெரிவதில்லை. தெரிந்த எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதுமில்லை. ஆயினும் 18 முதல் 20 வாரத்திற்குள் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதிருங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. குறை தெரிந்தால் எந்தப் பக்கம், ஈரல் எங்கே, பிரசவம் எங்கே என்று கேளுங்கள். பணவசதி இல்லையென்று சோர்ந்துபோகாதீர்கள். நம் நகரின் அரசு நிலோபர் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சைப் பிரிவு உண்டு. சுவிசேஷம் எழுதிய லூக்காவும் வைத்தியனே அல்லவா?

அந்த ஐந்தாம் நாளில் அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தவள், 2008இல் தன் பிள்ளையை இழந்த அதே தங்கை. அன்றுதான் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எப்போதோ மன்னித்துவிட்டேன் அக்கா. இனி யாருக்கும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்" என்றாள். அவளுக்குக் கொடுத்த வாக்கின்படியே இதை எழுதுகிறேன். கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.