பார்க்கப் பயிலும் பிள்ளை

திரைப்படக் கலை பயிலும் மாணவன் ஒருவனின் குறிப்பேடு நம் மேசைமீது இருக்கிறது. நம் பங்கில் பீடச்சிறுவனாகப் பணி செய்து வளர்ந்து, இப்போது சென்னையில் பயில்பவன். அதில் ஒரு வாரத்துப் பாடங்கள் நாள்வாரியாக எழுதப்பட்டுள்ளன. திங்களன்று வரலாறு: 1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்று நடத்திய காட்சி. செவ்வாயன்று ஒளியும் லென்சும். புதனன்று படத்தொகுப்பு. ரஷ்யரான குலெஷோவ், உணர்ச்சி ஏதும் காட்டாத ஒரே முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும் இணைத்துக் காட்டினாராம். பார்த்தோர் அதே முகத்தில் முதலில் பசியையும் பின்பு துயரத்தையும் கண்டனராம். மறையுரை ஆற்றும் நமக்கும் இது வேண்டிய செய்தியே. எந்த வசனத்தின் அருகில் எதை வைக்கிறோம் என்பதில் பொருள் எவ்வளவோ மாறிவிடுகிறது!

வியாழனன்று படக்கருவியே இல்லை. ஒரு தேநீர்க்கடையின் எதிரே இரண்டு மணி நேரம் அமர்ந்து, கண்டதை மட்டும் எழுதி வரவேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது. இப்பக்கத்தைப் படித்தபோது நமக்குக் குருமட நாள்கள் நினைவுக்கு வந்தன. புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில், பெத்லகேமுக்குச் செல்லும் வழி நீளமானதா, சமவெளியா, மேடும் பள்ளமுமா, பிறப்பின் குகை உயர்ந்ததா தாழ்ந்ததா என்று மனக்கண்ணால் பார்க்கச் சொல்வார். பார்த்த பின்னரே செபம்.

குறிப்பேட்டை நாம் கேட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. அவனுடைய தாய் கணவரை இழந்தவர். கேழ்வரகு விளையும் மானாவாரி நிலத்தையும் அதிலுள்ள நான்கு புளியமரங்களையும் போக்கியத்துக்கு விட்டுப் பிள்ளையை அனுப்பியவர். "ராத்திரியில படம் பார்க்கிறானாம் சாமி, பகல்ல அதையே பேசுறாங்களாம். இதுக்கா நிலத்தை விட்டோம்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா திரும்பி வந்துடுவான்" என்று கண் கலங்கினார். ஓசூரில் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்த்துவிடலாம் என்பது தாய்மாமன் கருத்து. தருமபுரி மாவட்டத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் ஊர் ஊராகப் பிழைப்புத் தேடிப் போனவர்களின் பிள்ளைகள் இவர்கள். மாதச் சம்பளத்தின் அருமையை அறிந்தவர்கள். அந்த அச்சத்தைச் சிறுமை என்று நாம் எண்ணவில்லை.

திருச்சபைக்கும் திரைப்படத்தைக் குறித்து அச்சம் இருந்ததுண்டு. 1936இல் பதினோராம் பத்திநாதர் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய சுற்றுமடலில் எச்சரிக்கையே மிகுதி. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டில் எச்சரிக்கையோடு வரவேற்பும் வந்தது. கனடா நாட்டு இயேசு சபைக் குரு கஸ்தோன் ரொபேர்ஜ் 1961இல் இந்தியா வந்தார்; 1970இல் கொல்கத்தாவில் 'சித்ரபாணி'யை நிறுவி, படம் பார்ப்பதையே ஒரு கல்வியாகக் கற்பித்தார். 2020இல் அதே நகரில் மறைந்தார். நம் தமிழ்மண்ணின் பாலு மகேந்திரா மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்ற நாள்களிலேயே உலகத் திரைப்படங்களை அறிந்தவர் என்பதும் இங்கே எண்ணத்தக்கது.

மாணவனோடு நெடுநேரம் உரையாடினோம். அவ்வாரத்தில் அவன் பார்த்த படங்களுள் ஒன்று, இத்தாலியரான தெ சீகா 1948இல் எடுத்த 'மிதிவண்டித் திருடர்கள்'. சுவரொட்டி ஒட்டும் ஏழைத் தொழிலாளியின் மிதிவண்டி களவு போகிறது. அது இல்லையேல் வேலை இல்லை. சிறு மகனைக் கைப்பிடித்து ரோமைத் தெருக்களில் தேடி அலைகிறான். களவை அறிந்த முதியவர் ஒருவரைத் தொடர்ந்து கோவிலுக்குள்ளும் நுழைகிறான். அங்கே ஏழைகளுக்கு முகம் மழித்து, வழிபாடு முடிந்ததும் சூப்பு வழங்க ஏற்பாடு. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பேச முயலும் அவனை அடக்குகிறார்கள்.

"சாமி, அந்தக் கோவில்ல அவன் எதைத் தொலைச்சான்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே?" என்றான் பிள்ளை.

இறையியல் படித்த காலத்தில் அறப்பணி குறித்து எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறோம். இக்கேள்வி அவற்றுள் வந்ததில்லை. திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் தேர்ந்தெடுத்த 45 படங்களுள் இதுவும் ஒன்று என்பதை அவனிடம் சொன்னோம். தன்னைக் குறைகூறும் காட்சி இருந்தும் ஏற்றுக்கொண்டது என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அது அவன் கேள்விக்கு விடையாகாது என்பதை அவனும் அறிவான்.

அவனைத் திரும்பி வரச் சொல்லும் அந்த ஒரு வார்த்தையை நாம் சொல்லவில்லை. படிப்பை முடிக்கட்டும் என்று தாயிடம் கூறினோம். உறுதியான வேலை கிடைக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. அது நம் கையில் இல்லை. தாய்மாமன் இன்னும் இசையவில்லை.

விடுமுறை முடியுமுன் அப்படத்தைப் பங்கு மன்றத்தில் திரையிட்டோம். பிள்ளையே அருகில் நின்று தமிழில் சொல்லி வந்தான். மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைக்கும் காட்சியில், அடகுக்கடை ஊழியர் அம்மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூரைவரை அடுக்கிய மூட்டைகளின்மீது ஏறுவார். மன்றத்திலிருந்த பெண்களுக்கு அங்கே விளக்கம் தேவைப்படவில்லை. கோவில் காட்சி வந்தபோது சிலர் திரும்பி நம்மைப் பார்த்தனர். படம் முடிந்ததும், முன்வரிசையிலிருந்த மறைக்கல்விச் சிறுவன் ஒருவன், "அண்ணா, அப்புறமாவது வண்டி கிடைச்சுதா?" என்று கேட்டான்.

"இல்லை" என்றான் பிள்ளை.