பழைய கணினிக்கு அவசரத் தீர்ப்பு வேண்டாம்

மருதானையில் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால், இருபது வருடம் ஓடிய வாகனத்துக்கும் தேவையான பாகம் எங்காவது ஒரு கடையில் கிடைக்கும் என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பொனட்டைத் திறந்து பார்க்காமல் "பழசு, வித்துப் போடுங்கோ" என்று சொல்லும் மெக்கானிக் அங்கே தொழில் செய்ய முடியாது. அதே மருதானையில்தான் 1893இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. திருத்துவதை ஒரு படிப்பாகவும் பிழைப்பாகவும் மதித்த வட்டாரம் இது. ஆனால் ஒரு பழைய கணினி அப்டேட் முடிந்த பிறகு எழும்பாமல் நின்றால், இந்த நகரத்தில் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளில் ஒன்றுதான் கிடைக்கிறது: போமட் அடிக்க வேண்டும், இல்லையென்றால் புதிது வாங்க வேண்டும். இரண்டும் பரிசோதனைக்கு முன்பே சொல்லப்படுபவை. இந்த வழக்கம் தவறு என்பதே என் வாதம். அப்டேட்டுக்குப் பின் எழும்பாத கணினி பெரும்பாலும் திருத்தக்கூடிய கணினி. அதன் வயதைக் காரணமாகச் சொல்வது, காரணத்தைத் தேடாமல் விடுவதற்குச் சமம்.

கணினி எழும்புவது ஒரே செயல் அல்ல, பல கைமாற்றங்கள். பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் பயோஸ். சற்றுப் புதியவற்றில் யூஇஎஃப்ஐ. அது நினைவகத்தையும் விசைப்பலகையையும் ஹாட் டிஸ்க்கையும் சரிபார்த்துவிட்டு, டிஸ்க்கில் உள்ள பூட் லோடரிடம் வேலையை ஒப்படைக்கிறது. பூட் லோடர் இயங்குதளத்தின் கருவான கேர்னலை அழைக்கிறது. கேர்னல் தனக்குரிய டிரைவர்களைக் கொண்டு டிஸ்க்கைத் திறந்து மற்றதையெல்லாம் எழுப்புகிறது. வழக்கமான அப்டேட் மாற்றுவது இந்தச் சங்கிலியின் பின்பாதியைத்தான். ஆகவே விசிறி சுழன்று, தயாரிப்பாளரின் சின்னம் திரையில் வந்து, அதன் பிறகு திரை கறுத்து நின்றால், பலகையும் நினைவகமும் திரையும் தங்கள் பங்கைச் செய்துவிட்டன என்று ஓரளவு நம்பலாம். அறுந்தது அதற்கடுத்த கண்ணி. விண்டோஸ் 10உம் 11உம் அடுத்தடுத்து இரண்டு முறை எழும்பத் தவறினால் தாமாகவே மீட்புத் திரையைக் காட்டும். கடைசியாக வந்த அப்டேட்டை அங்கிருந்தே நீக்கலாம். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் புதிய கேர்னலோடு முந்தியதையும் பட்டியலில் வைத்திருக்கும்; பழையதைத் தெரிந்தெடுத்தால் பல வேளைகளில் கணினி எழும்பிவிடும். இவற்றைச் செய்தவர்கள் அப்டேட் தவறிப் போகலாம் என்று எதிர்பார்த்தே இந்த வாசல்களைத் திறந்து வைத்தார்கள். அவற்றைத் தட்டிப் பார்க்காமல் டிஸ்க்கை அழிப்பது நியாயமில்லை.

நடந்தவையும் இதையே சொல்கின்றன. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிப் குறைபாடுகளுக்காக மைக்ரோசொப்ட் வெளியிட்ட அப்டேட், ஏஎம்டி நிறுவனத்தின் சில பழைய சிப்கள் கொண்ட கணினிகளை எழும்ப விடாமல் செய்தது. அத்தகைய கணினிகளுக்கு அதை அனுப்புவதை நிறுவனம் இடைநிறுத்தி, பின்னர் திருத்திய அப்டேட்டைக் கொடுத்தது. 2024 ஓகஸ்டில் வந்த இன்னொரு பாதுகாப்பு அப்டேட், விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த பல கணினிகளில் லினக்ஸ் எழும்புவதைத் தடுத்தது. செக்கியூர் பூட் அமைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி, புதிதாக எழுதப்பட்ட ஒரு கொள்கைப் பதிவை நீக்கினால் அவை மீண்டன. எல்லாவற்றிலும் பெரியது 2024 ஜூலை 19ஆம் திகதி நடந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான கோப்பு ஒன்று, மைக்ரோசொப்டின் கணக்குப்படி, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் நின்றுபோனவை அவை. பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை அழித்தார்கள், கணினி எழும்பியது. வங்கியின் புதிய கணினி எழும்பாவிட்டால் அதைப் பழுது என்கிறோம். கொட்டாஞ்சேனை வீட்டிலுள்ள பழைய கணினி அதே மாதிரி நின்றால், அதன் காலம் முடிந்தது என்கிறோம். நோய்க்குறி ஒன்றாயிருக்க, ஆளைப் பார்த்து முடிவை மாற்றுவது எந்த நியாயத்தில் சேரும்?

வயதுக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதையும் பரிசோதித்துத்தான் அறிய வேண்டும். தாய்ப்பலகையில் சிஆர் 2032 என்ற சிறிய வட்டப் பற்றரி ஒன்று இருக்கிறது, மூன்று வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை அது ஓட வைக்கிறது. பழைய கணினிகளில் பயோஸ் அமைப்புகளையும் அதுவே காக்கிறது. அது தேய்ந்துபோன நிலையில் அப்டேட்டுக்குப் பிறகு கணினியை நிறுத்தி ப்ளக்கையும் கழற்றினால், அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பலாம். ஹாட் டிஸ்க்கோடு பேசும் முறை அப்போது மாறிவிட்டால், விண்டோஸ் தன் டிஸ்க்கையே காணாமல் நீலத் திரையில் 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்று காட்டும். வீட்டார் அப்டேட்டைப் பழிப்பார்கள், கடைக்காரர் வயதைப் பழிப்பார். பயோஸில் திகதி பல வருடம் பின்னால் போயிருப்பதைக் கவனிப்பவர், பற்றரியை மாற்றி, பழைய முறையைத் திரும்பத் தெரிவு செய்து வேலையை முடிப்பார். நம் நாட்டில் மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி தீவு முழுவதும் இருண்டது. அப்டேட் எழுதப்படும்போது மின்சாரம் போனால் கோப்புகள் பாதியில் நிற்கும். அதுவும் பெரும்பாலும் மென்பொருளின் காயமே.

"அப்படியானால் அப்டேட்டையே நிறுத்திவிடலாமே" என்பது முதல் மறுப்பு. பலர் இதைச் செய்தும் விடுகிறார்கள். ஆனால் 2017 மே 12ஆம் திகதி பரவிய வனாக்ரை என்ற தீங்குநிரல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரித்தானிய மருத்துவமனைகளே திண்டாடின. அதைத் தடுக்கக்கூடிய திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ஆம் திகதி, வெளியிட்டிருந்தது. அப்டேட்டை மறுப்பது, எழும்பாத ஒரு நாளுக்குப் பயந்து எல்லாவற்றையும் இழக்கும் நாளை வரவழைப்பதாகும். செய்ய வேண்டியது வேறு: முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, மின்சாரம் நிற்காது என்ற உறுதியோடு அப்டேட்டைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கடைக்காரருடையது. அதில் நியாயம் உண்டு. காரணத்தைத் தேட ஒரு மணித்தியாலம் போகும், அதற்கு வாடிக்கையாளர் காசு தரமாட்டார், போமட் அடித்தால் நிச்சயமாக முடியும் என்பார். ஆனால் அந்த நிச்சயத்தின் விலையை வேறொருவர் கொடுக்கிறார். நம் கொம்யூனிகேஷன் கடைகளிலும் சிறிய அச்சகங்களிலும் உள்ள பழைய கணினிகளில் வருடக்கணக்கான தமிழ் ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவை யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். டிஸ்க்கை அழிக்கும்போது ஆவணங்களும் எழுத்துருவும் சேர்ந்தே போகின்றன. பென் டிரைவில் உள்ள லினக்ஸ் ஒன்றில் கணினியை எழுப்பி இரண்டையும் வெளியே எடுப்பது பெரிய வித்தையல்ல. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் மீட்புச் சாவி தேவைப்படும். புதிது வாங்கச் சொல்வதும் இலேசான சொல் அல்ல. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது, இறக்குமதியாகும் கணினியின் விலையும் கூடவே ஏறியது. அந்த விலைக்கு முன்னால், பரிசோதனைக்கென்று ஒரு கட்டணம் கேட்பதும் அதை முறுமுறுக்காமல் கொடுப்பதும் இரு தரப்புக்கும் இலாபம்.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 பழைய கணினிகளை ஏற்பதில்லை, பிறகு திருத்தி என்ன பயன்? உண்மைதான். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை சிப்பும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும் விண்டோஸ் 11 கேட்கிறது. கோர் 2 டூவோ போன்ற பழைய சிப்களில் அந்த நிபந்தனைகளைச் சுற்றிக் கடந்து நிறுவினாலும், 2024இல் வந்த 24எச்2 பதிப்பு எழும்பாது. அதற்கு வேண்டிய சில கட்டளைகள் அந்தச் சிப்பிலேயே இல்லை. இங்கேதான் வயது உண்மையான காரணமாகிறது. ஆனால் இங்கும் வழி அடைபடவில்லை. 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸ், 64 பிட் சிப் உள்ள அதே கோர் 2 டூவோவில் இன்னும் நிறுவக்கூடியது. கடிதம் எழுத, கணக்குப் பார்க்க, பிள்ளை படிக்க அது போதும். பாமினியையும் அதில் நிறுவலாம். விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு மென்பொருளை நம்பித் தொழில் செய்பவருக்கு இது பொருந்தாது. அவர் புதிது வாங்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கும் அதே தீர்ப்பைச் சொல்வது அநியாயம். 2022இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவைச் சேர்த்ததாக ஐநாவின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது அதில் கால்வாசியும் இல்லை.

ஆகவே, கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த இடத்தில் நிற்கிறது? என் கோப்புகளை முதலில் வெளியே எடுத்தீர்களா? கடைசி அப்டேட்டை நீக்கிப் பார்த்தீர்களா? இவற்றுக்குப் பதில் சொல்லும் கடையில் காசைக் கொடுங்கள். பதில் சொல்லாமல் "பழசு" என்று மட்டும் சொல்பவரிடமிருந்து கணினியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.