லைன்

கொழும்பை அடுத்த கொலன்னாவையில் ஒரு காலைப் பொழுதில் ‘லைன்’ என்ற சொல் எத்தனை தடவை காதில் விழும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஓட்டோக்காரர் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, “லைன் கிடைக்குதில்ல” என்கிறார். மேசன் பாஸ் சுவரை ஒற்றைக் கண்ணால் பார்த்து, “லைன் கோணல்” என்கிறார். மின்கம்பத்தில் ஓடுவதும் லைன். எண்ணெய்க் களஞ்சியத்துக்குக் கோச்சி போகிற தண்டவாளமும் லைன். கொழும்புத் துறைமுகத்திலிருந்து அந்தத் தாங்கிகளுக்கு எண்ணெய் வருகிற குழாயும் லைன்.

எரிபொருள் தட்டுப்பாடு வந்த 2022இல் மற்ற எல்லாப் பொருளையும் ஒரே பொருள் விழுங்கிவிட்டது. லைன் என்றால் பெற்றோல் ஷெட்டின் முன்னால் நிற்பது. நாட்டின் பல பகுதிகளுக்கும் எண்ணெய் பிரித்து அனுப்பும் ஊர் எங்களுடையது. ஆனாலும் நாங்களும் இரவிரவாக நின்றோம். “எங்க போறீங்க?” “லைனுக்கு.” அதற்கு மேல் கேள்வி இல்லை. நாட்டில் லைனில் நின்றபடியே உயிர்விட்டவர்களும் உண்டு. கியூஆர் குறியீட்டைக் காட்டி எண்ணெய் வாங்கும் முறை வந்த பிறகுதான் லைன்கள் மெல்லக் கரைந்தன.

ஒருநாள் மண்ணெண்ணெய்க்கு நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர் ஹட்டன் பக்கத்தவர். “நான் பிறந்ததே லயத்துலதான் தம்பி” என்றார். அன்றுதான் எனக்கு உறைத்தது: லயமும் லைன்தான். தேயிலைத் தோட்டங்களில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய சிறு காம்பராக்களுக்கு வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர் லைன். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அதைத் தங்கள் நாவுக்கு ஏற்ப லயம் ஆக்கினார்கள். லயத்துக் காம்பரா, மேட்டு லயம், பணிய லயம் என்று அதிலிருந்து ஒரு வாழ்க்கைக்குரிய சொற்களே கிளைத்தன. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே வந்த சொல். 1948இல் அந்த மக்களின் குடியுரிமை பறிபோனபோதும் அவர்களோடு இருந்தது. இன்றும் பல குடும்பங்கள் லயங்களில்தான் வாழ்கின்றன.

லைன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில், ஆளிச் செடி நாரில் திரித்த நூலில் இருக்கிறது. நூல்! நமக்கும் அதே வழிதான். துணி நெய்வதும் நூல், மேசன் பிடிப்பதும் நூல், படிப்பதும் நூல். தச்சன் இழுக்கும் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பது போல, கற்கும் நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லிவைத்தார். லைனின் மற்றப் பொருள்களுக்கும் தமிழ் உண்டு: பெற்றோலுக்கு நிற்பதை ‘வரிசை’ என்று எழுதினால் ஒன்றும் குறையாது. தொலைபேசி லைனுக்கு ‘இணைப்பு’ போதும்.

ஆனால் ‘லயம்’ என்று வரும் இடத்தில், தூய தமிழ் என்ற எண்ணத்தில் ‘தொடர் குடியிருப்பு’ என்று மாற்றி அச்சிடுவதைப் பார்க்கிறேன். அந்தத் திருத்தத்தில் கூரையின் தகரமும் அடுப்புப் புகையும் போய்விடுகின்றன. பத்திரிகை ஆசிரியர்களையும் அகராதி செய்கிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: லயத்தை லயம் என்றே விடுங்கள். பிறமொழிச் சொல் என்று ஒதுக்காமல், மலையகத் தமிழ் என்று குறித்து அகராதியில் ஏற்றுங்கள்.